ஏப்ரல் 14: அறுபத்தாறு பேரின் நாள்

ஏப்ரல் 14 என்றதும் நமக்குச் சித்திரைப் புத்தாண்டுதான் ஞாபகம் வரும். தீயணைப்பு நிலையங்களில் அது அஞ்சலி நாள். ஏன் அந்தத் தேதி என்று தேடினால், கதை பம்பாய்த் துறைமுகத்துக்குப் போகிறது.

1944, ஏப்ரல் 14. இரண்டாம் உலகப்போர் நேரம். விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற சரக்குக் கப்பல் நிற்கிறது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள். கூடவே கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள்! பஞ்சையும் வெடிமருந்தையும் யாராவது ஒண்ணா வைப்பாங்களா? போர் அவசரத்தில் வைத்தார்கள்.

மதியம் புகை தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் 900 டன்னுக்கு மேல் தண்ணீர் பாய்ச்சினார்கள். தீ எங்கே எரிகிறது என்றே பிடிபடவில்லை. மாலை 4.06-க்குக் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்தில் இன்னொரு வெடிப்பு. ஊர் முழுக்க இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் கணக்குக்குக் கணக்கு வித்தியாசம். குறைந்தது எண்ணூறு என்கிறார்கள். அதில் தீயணைப்பு வீரர்கள் 66 பேர். போர்க்காலத் தணிக்கையால் முழுச் செய்தி வெளிவரவே வாரக்கணக்கில் ஆனது.

பைகுல்லா தீயணைப்புத் தலைமையகத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. நாடு முழுக்க ஏப்ரல் 14 முதல் தீயணைப்பு வாரமும் நடக்கிறது. வீரத்தைப் போற்றுகிறோம், சரி. அந்தப் பஞ்சுப் பொதிகளையும் மறக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் அணைக்கப் போனது, வேறு யாரோ எடுத்த முடிவால் வந்த தீயை.