கெடாத சீஸ் பிறந்த கதை

சுவிட்சர்லாந்தின் எமென்டால் சீஸுக்கு உலகெங்கும் பெயர் இருந்தது. ஆனால் வெப்ப நாடுகளுக்குக் கப்பலேறினால் அது தாங்கவில்லை. கிருமி சாக வேண்டுமென்று வெறுமனே சூடாக்கினாலோ கொழுப்பு பிரிந்து எண்ணெயாக வழிந்தது.

1911-இல் சுவிட்சர்லாந்தின் துன் நகரத்தில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் விடை கண்டார்கள். சீஸைத் துருவி, சிட்ரேட் உப்பு சேர்த்து, கிளறிக்கொண்டே உருக்கினார்கள். பாலின் கேசின் புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தை அந்த உப்பு விலக்குகிறது. தளர்ந்த புரதம் கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிணைத்துக்கொள்கிறது. சூட்டில் நுண்ணுயிர்கள் மடிவதால் சீஸ் மேலும் முதிர்வதும் நின்றுபோகிறது.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட், சீஸைச் சூடாக்கிப் பதப்படுத்தும் தம் முறைக்கு 1916-இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப்போரில் அவருடைய டப்பா சீஸ் படைவீரர்களைச் சென்றடைந்தது.

வகைகளும் பெருகின. நீர் குறைந்தால் வெட்டக்கூடிய கட்டி. கூடினால் ரொட்டியில் தடவும் ஸ்பிரெட். 1921-இல் பிரான்ஸின் லியோன் பெல் ‘சிரிக்கும் பசு’ சீஸை அறிமுகப்படுத்தினார். 1950-இல் கிராஃப்ட் நிறுவனத்தின் ஸ்லைஸ்கள் கடைக்கு வந்தன.

இந்தியாவில் குஜராத்தின் அமுல் கூட்டுறவு, உள்ளூரில் தாராளமாகக் கிடைத்த எருமைப் பாலைக்கொண்டே இந்தக் கெடாத சீஸைத் தயாரித்து வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது.