அந்த வாசலில் கால்மணி நேரம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு துர்ப்பழக்கம் உண்டு. சரித்திரத்தில் பட்டாபிஷேகம் நடந்துகொண்டிருக்கும். அவன் கண் மட்டும் தூண் ஓரமாக நிற்கிற யாரோ ஒருவர்மேல் போய் விழும். விஞ்ஞான சரித்திரத்தைப் படிக்கும்போதும் எனக்கு இதே கதிதான்.

1928-ஆம் வருஷம் பிப்ரவரி 7-ஆம் தேதி. கல்கத்தா. இரவு சுமார் ஒன்பது மணி. கே. எஸ். கிருஷ்ணனும் வெங்கடேசுவரனும் சாப்பாட்டை முடித்துவிட்டு மாடி அறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கீழே இருந்து யாரோ கூப்பிடுகிற குரல். இறங்கி வந்து பார்த்தால், பேராசிரியர் சி. வி. ராமன்! காலையில் ஆராய்ச்சிச் சாலையில் கண்ட காட்சி என்ன என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. மறுநாள் விடியும்வரை பொறுத்திருக்க முடியவில்லை. வீட்டு வாசலில் நின்றபடியே கால்மணி நேரத்துக்கு மேல் பேசுகிறார். கண்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். இதை நாம் அறிவது, கிருஷ்ணன் நாட்குறிப்பு எழுதுகிறவராக இருந்ததால்தான்.

அப்படி என்ன கண்டார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு கப்பலில் தொடங்குகிறது. 1921-இல் ராமன் இங்கிலாந்து போய்த் திரும்பினார். வழியில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்பது மகா மேதையான ராலே பிரபுவின் அபிப்பிராயம். ராமன் கையில் நிக்கல் பட்டகம் என்ற சிறிய படிகக் கருவி இருந்தது. பிரதிபலிக்கும் ஒளியை அதனால் மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை! தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து நீலத்தை உண்டாக்குகின்றன என்று முடிவு கட்டினார்.

கல்கத்தா பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில், திரவங்கள் ஒளியைச் சிதறடிப்பது பற்றிய ஆராய்ச்சி அதன்பின் மும்முரமாக நடந்தது. 1923-இல் கே. ஆர். ராமநாதன் ஒரு விசித்திரத்தைக் கண்டார். உள்ளே ஒரு நிறத்தைச் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் வேறொரு நிறத்தின் சாயை மிக மங்கலாகத் தெரிந்தது. திரவத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அது ஒளிர்கிறது என்று நினைத்தார்கள். அழுக்கு என்றால் சுத்தம் செய்ய வேண்டியதுதானே? திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார்கள். அழுக்கு போயிற்று; அந்த மங்கல் ஒளி போகவில்லை. பிறகு வெங்கடேசுவரன், சுத்தமான கிளிசரினில் சூரிய ஒளியைச் செலுத்தியபோது, நீலத்துக்குப் பதில் பச்சை பளிச்சிட்டது. சாதாரண ஒளிர்வுபோல் இல்லாமல், அது ஒரே திசையில் அதிரும் முனைவுற்ற ஒளியாகவும் இருந்தது. ஆகவே, குற்றம் அழுக்கின் மேல் இல்லை.

கிருஷ்ணன் அப்போது சில மாதங்களாகக் காகிதமும் கணக்குமாகவே இருந்தார். சோதனையை விட்டு வெகு நாள் விலகியிருப்பது விஞ்ஞானிக்கு ஆரோக்கியமல்ல என்று சொல்லி ராமன் அவரை மறுபடி இருட்டறைக்குள் இழுத்துவந்தார். 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி லென்ஸ் ஒன்று சூரிய ஒளியைக் குவித்துக் கொடுக்கும். அதை நீல ஊதா வடிகட்டி வழியே திரவத்துக்குள் அனுப்புவார்கள். வெளியே வரும் இடத்தில் மஞ்சள் பச்சை வடிகட்டி. உள்ளே போன நிறமே வெளியே வந்தால் எதுவும் தெரியக் கூடாது. ஆனால் தெரிந்தது. சுமார் அறுபது திரவங்களைப் பார்த்தார்கள், அறுபதிலும் தெரிந்தது. பார்த்த கருவி எது என்கிறீர்கள்? இருட்டுக்குப் பழகிய மனிதக் கண்!

விஷயம் இதுதான். ஒரு மூலக்கூறு சும்மா இருப்பதில்லை. அதன் அணுக்கள் கட்டியிருக்கும் கட்டுக்குள்ளேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. சுங்கச்சாவடியைத் தாண்டும் வண்டிபோல, அந்தப் பக்கம் வந்த ஒளி சக்தியில் கொஞ்சம் சுங்கம் கட்டிவிட்டு, நிறம் மாறிப் போகிறது. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தனிச் சுங்கம். எவ்வளவு குறைந்தது என்று அளந்தால், வசூலித்தது யார் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இப்படிச் சுங்கம் கட்டும் ஒளித்துகள் கோடியில் ஒன்றுதான். பிப்ரவரி 28-ஆம் தேதி பாதரச விளக்கையும் நிறமாலைக் கருவியையும் வைத்துப் பார்த்தபோது, அந்தக் கோடியில் ஒன்று தனிக் கோடுகளாகவே கண்ணுக்குத் தெரிந்தது. மறுநாள் பத்திரிகைகளுக்குச் செய்தி போயிற்று.

பென்ஸீன் போன்ற சிறு மூலக்கூறுகள் உடனே தங்கள் ரகசியத்தைச் சொல்லிவிட்டன. ஆயிரக்கணக்கான அணுக்கள் பின்னிக் கிடக்கும் உயிர்ப் பொருள்கள் அவ்வளவு சுலபமாக வாய் திறக்கவில்லை. 1960-இல் லேஸர் விளக்கு பிறந்த பிறகுதான் வழி பிறந்தது. 1972-இல் அமெரிக்காவில் ஸ்பைரோவும் ஸ்ட்ரீகஸும் நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினை இவ்வாறு ஆராய்ந்தார்கள். அதில் ஏறக்குறைய 10,000 அணுக்கள். லேஸரின் நிறத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், இரும்பு அணு உட்கார்ந்திருக்கும் வளையம் மட்டும் உரத்துப் பேசுகிறது. பிராணவாயு இல்லாதபோது 1,357-ஐ ஒட்டி விழும் ஒரு கோடு, பிராணவாயு வந்து சேர்ந்ததும் 1,376-ஐ ஒட்டிப் போய்விடுகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை அலைகள் என்பது கணக்கு. நாம் மூச்சு விடுவதை மூலக்கூறு தன் வாயாலேயே சொல்கிறது!

1974-இல் இங்கிலாந்தில் ஃபிளைஷ்மன் குழுவினர், சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டில் ஒட்டிய மூலக்கூறுகளிடமிருந்து வலுவான கோடுகளைப் பெற்றார்கள். வெள்ளியே அந்த ஒளியை லட்சக்கணக்கான மடங்கு பெருக்குகிறது என்பது 1977-இல் புரிந்தது. 1997-இல் ஒற்றை மூலக்கூறின் குரலே கேட்டுவிட்டது. 2021-இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பெர்ஸிவியரன்ஸ் வண்டியும் ராமன் கருவிகளைச் சுமந்து சென்றது.

இனி, நான் தூண் ஓரமாகப் பார்த்த மனிதரைப் பற்றி. பிப்ரவரி 16-ஆம் தேதியிட்டு ‘நேச்சர்’ பத்திரிகைக்குப் போன முதல் கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உண்டு. 1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வந்தது. மாஸ்கோவில் அதே சமயத்தில் படிகங்களில் இதே விளைவைக் கண்ட லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் இருவருக்கும் பங்கில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன் 1928 இறுதியிலேயே டாக்காவுக்குப் போய், படிகங்களின் காந்த குணங்களில் ஆழ்ந்து, தமக்கென்று தனிப் புகழ் தேடிக்கொண்டார். பிற்காலத்தில் டில்லி தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் முதல் டைரக்டர் ஆனார், 1961-இல் காலமானார்.

இதில் அநியாயம் உண்டா என்று நானும் பல தடவை யோசித்ததுண்டு. ஏழு வருஷம் ஒரே கேள்வியை விடாமல் பிடித்திருந்தவர் ராமன். கேள்வி அவருடையது, பெயரும் அவருடையதாக இருப்பதில் தவறில்லை. ஆனால் அன்று இரவு, அத்தனை பெரிய சந்தோஷத்தைச் சுமந்துகொண்டு அவர் யார் வீட்டு வாசலைத் தேடிப் போனார் என்பதையும் பார்க்க வேண்டும். பரிசுக் கமிட்டியின் கணக்கில் அது வராது. எங்கள் தொழிலில் அதைத்தான் முதலில் எழுதுவோம்.