கோடாக் கண்டுபிடித்த கமரா

பழம்பெருங் கம்பனியொன்று புதிய கருவியின்முன் தோற்றுவிட்டால், அதனை நடத்தியோர் காலமறியாத மூடர் என்று எளிதிற் சொல்லிவிடுகின்றோம். அமெரிக்காவின் கோடாக் கம்பனியின் வரலாற்றைப் படிப்போர்க்கு அச்சொல் பொருந்தாமை விளங்கும்.

அதனை நிறுவிய ஜோர்ஜ் ஈஸ்ட்மன், முதலிற் கண்ணாடித் தகடுகளைச் செய்து விற்றவர். அத்தொழிலால் ஆதாயம் கண்டபின்னும் அதனோடு அமைந்துவிடாது பிலிமை நாடினார். 1888 இல் அவர் வெளியிட்ட பெட்டிக் கமராவில் 100 படம் எடுக்கலாம். பின்பு கமராவையே றொச்செஸ்டர் நகருக்கு அனுப்பினால், படங்களை அச்சிட்டுப் புதுப் பிலிமும் இட்டுத் திருப்பியனுப்புவர். 1900 இல் ஒரு டொலருக்கே கமரா விற்றனர். கமரா மலிவு; பிலிம், தாள், இரசாயனம் ஆகியவற்றிலேதான் ஆதாயம்.

1975 இல் அக்கம்பனியின் ஆய்வுகூடத்திலேயே ஸ்டீவன் சசன் என்னும் இளம் பொறியியலாளர் பிலிமே வேண்டாத கமரா ஒன்றை ஆக்கினார். நிறை எட்டு இறாத்தல். ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடி சென்றது. படமோ கறுப்பு வெள்ளை. தெளிவும் மிகக் குறைவு. தம் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியிற் பார்க்க எவர் விரும்புவர் என மேலதிகாரிகள் வினவினர்.

இன்று அதைக் கேட்டு நகைப்பது சுலபம். அவர்களுடைய கணக்கேட்டையும் சற்று நோக்குதல் வேண்டும். மக்கள் பிலிமில் நிறைவு கண்டிருந்தனர். எடுக்கும் படமொவ்வொன்றும் கம்பனிக்குக் காசு தந்தது. புதுக் கமராவோ விற்ற அன்றோடு சரி. 1982 இல் றொச்செஸ்டரில் மட்டும் அறுபதினாயிரம் பேர் அங்கே வேலை செய்தனர். வெந்துகொண்டிருக்கும் உலையை இறக்கிவைத்துவிட்டு, விதைக்காத வயலை நம்புவார் யார்?

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. பத்தாண்டளவிற் புதுமுறை மேலோங்கக்கூடுமென 1981 இலேயே கம்பனியின் ஆய்வொன்று கூறிற்று. பிற்காலத்தில் பெரும்பணம் செலவிட்டு, 2005 இல் அமெரிக்காவிற் பிலிமில்லாக் கமரா விற்பனையில் முதலிடமும் பெற்றனர். ஆனால் பிலிம் தந்த ஆதாயத்தை அது தரவில்லை. கைத்தொலைபேசிக்குள்ளும் கமரா புகுந்துவிட்டது.

இதே இடர் யப்பானின் பியூஜி கம்பனிக்கும் வந்தது. அவர்கள் பிலிம் தொழிலைக் குறைத்தனர், பிலிம் கற்றுத்தந்த இரசாயன அறிவை விடவில்லை. அதைக்கொண்டு திரைகளுக்கான மென்படலமும், முகப்பூச்சுங்கூடச் செய்தனர்.

கோடாக் 2012 ஜனவரி 19 ஆந் திகதி கடன்தீர்க்க இயலாது நீதிமன்றத்தை நாடியது. அவ்வாண்டின் இறுதியில், பிலிமில்லாப் படக்கலைக்கான தன் காப்புரிமைகளைச் சுமார் 52 கோடி டொலருக்கு விற்க உடன்பட்டது. வாங்கிய கூட்டத்தில் ஆப்பிளும் கூகிளும் இருந்தன.