காட்டா

மரபணுக்களை இயக்கும் புரதக் குடும்பம் ஒன்றின் பெயர்.

பெயர்க்காரணம்: டி.என்.ஏ.வில் ‘ஜி-ஏ-டி-ஏ’ என்ற எழுத்து வரிசை வரும் இடங்களை இப்புரதங்கள் பற்றிக்கொள்கின்றன. அந்த நான்கெழுத்தைச் சேர்த்துப் படித்தால் காட்டா. 1989-இல் முதல் புரதத்தின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டபோது எரிஃப்-1, ஜி.எஃப்.-1 என ஆய்வகத்துக்கு ஒரு பெயர் வழங்கியது. பின்னர் காட்டா என்ற பெயரே நிலைத்தது.

பொருள்: குடும்பத்தில் ஆறு புரதங்கள். ரத்த உற்பத்தியில் முதல் மூன்றுக்கே பெரும்பங்கு. காட்டா-2 எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களைப் பேணுகிறது. காட்டா-1 சிவப்பணுக்களையும் தட்டணுக்களையும் முதிரச் செய்கிறது. காட்டா-3 டி செல்களை உருவாக்குகிறது. சிவப்பணு முதிரும்போது, டி.என்.ஏ.வில் காட்டா-2 விட்ட இடத்தில் காட்டா-1 வந்து அமர்கிறது.

நோயில்: டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் சில குழந்தைகளுக்குக் காட்டா-1 முன்பகுதி இல்லாமல் குட்டையாக உருவாகிறது. தட்டணுக்களைத் தரவேண்டிய இளஞ்செல்கள் முதிராமல் பெருகுகின்றன. பெரும்பாலும் சில மாதங்களில் இது தானாகவே அடங்கும். சிலருக்கு ரத்தப் புற்றுநோயாக மாறும். காட்டா-2 பிறவியிலேயே பழுதானவர்களுக்கும் அந்த அபாயம் உண்டு. ஆகவே அவர்களுக்கு மஜ்ஜை தானம் தர உடன்பிறந்தவர் முன்வந்தால், அவருக்கும் அதே பழுது இருக்கக்கூடும் என்பதால், அவருடைய காட்டா-2 மரபணுவையும் முதலில் பரிசோதிக்க வேண்டும்.