எருசலேம் நச்சுநிரல்

எருசலேம் நச்சுநிரல் என்பது டாஸ் இயக்குதளக் கணினிகளைத் தாக்கிய தொடக்ககால வைரசுகளுள் ஒன்றாகும். நிரல் கோப்புகளில் ஒட்டிக்கொண்டு பரவும் வகையைச் சேர்ந்தது. 1987 அக்டோபரில் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டதால் இப்பெயர் பெற்றது.

செயற்பாடு

தொற்றுள்ள நிரல் ஒன்றை இயக்கியதும், வைரசு நினைவகத்தில் ஏறத்தாழ 2 கிலோபைட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நிரலை மூடினாலும் வைரசு அகலாது. கணினியை நிறுத்தும்வரை அங்கேயே தங்கும். நிரல்களை இயக்கும் டாஸ் சேவையைத் தன்வழியே திருப்பிவிடுவதால், அதன்பின் இயக்கப்படும் காம், இஎக்ஸ்இ வகைக் கோப்புகள் ஒவ்வொன்றாகத் தொற்றுக்குள்ளாகும். டாசின் கட்டளைக் கோப்பான கமாண்ட்.காம் மட்டும் விலக்கு. அக்காலத்தில் நிரல்கள் பெரும்பாலும் நெகிழ்வட்டுகளில் கைமாறின. வைரசும் அவற்றோடு சேர்ந்து கணினிக்குக் கணினி சென்றது.

நினைவகத்தில் ஏறி அரை மணி நேரமானதும் கணினியின் வேகம் குறையும். திரையின் ஒரு பகுதி மேலே நகர்ந்து கறுப்புக் கட்டம் தோன்றும். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக அமையும் நாளில், இயக்கப்படும் ஒவ்வொரு நிரலையும் வட்டிலிருந்து அழித்துவிடும். 1987ஆம் ஆண்டுக்கு மட்டும் இதில் விலக்கு இருந்தது. ஆகவே, முதல் அழிவு நாள் 1988 மே 13 ஆகும்.

காட்டிக்கொடுத்த பிழை

அந்த நாள் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே வைரசு பிடிபட்டதற்கு அதன் ஆசிரியர் செய்த பிழை உதவியது. காம் கோப்பில் வைரசு தன் அடையாளமாக 'எம்எஸ்டாஸ்' என்ற 5 எழுத்துகளை இறுதியில் பதித்துவிடும். அதைக் கண்டால் மீண்டும் தொற்றாது. எனவே காம் கோப்பு ஒருமுறை மட்டும் 1,813 பைட்டுகள் பெருக்கும். இஎக்ஸ்இ கோப்பில் இந்தச் சோதனை பலிக்கவில்லை. இயக்கும் ஒவ்வொரு முறையும் புதிய படி ஒன்று சேர்ந்து, கோப்பு ஏறத்தாழ 1,808 பைட்டுகள் வளர்ந்தது. நாள்தோறும் பயன்படும் நிரல்கள், இறுதியில் நினைவகத்தில் ஏற்ற முடியாத அளவுக்குப் பெருத்தன. இவ்வளர்ச்சியே பயனர்களின் ஐயத்தைத் தூண்டியது. பிழையின்றி எழுதப்பட்டிருந்தால், பலருக்கு நிரல்கள் மறைந்த நாளில்தான் செய்தி தெரிந்திருக்கும்.

பிற்காலம்

1988 மே 14 இசுரேல் உருவாகி 40 ஆண்டுகள் நிறைந்த நாள். அதற்கு முந்தைய நாளில் அழிவு தொடங்குவதால் அரசியல் நோக்கம் இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது, அது மெய்ப்பிக்கப்படவில்லை. இந்நிரலை மாற்றியமைத்துப் பிறர் உருவாக்கிய வகைகள் பல. சிலவற்றில் மேற்கண்ட பிழை திருத்தப்பட்டிருந்தது. விண்டோசு பரவி டாசின் பயன்பாடு குறைந்தபோது இவ்வைரசும் மறைந்தது.