ஹேண்டிலில் தொங்கும் செருப்பு

மார்கழி மழைக்கு கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால வெள்ளம் பாயும். கல்முனையிலிருந்து நாவிதன்வெளிப் பக்கம் வயலுக்குப் போற வாப்பா, செருப்பைக் கழற்றி ஹேண்டிலில் கொழுவிட்டு, வெறுங்காலோட சைக்கிளை உருட்டுவார். கால் நனையிறது அவருக்கு ஒரு விசயமேயில்லை. செருப்பு அறுந்திடக் கூடாது, அவ்வளவுதான்.

ஈரம் படாத பூட்ஸ், சைக்கிள் டயர், செருப்பு எல்லாத்துக்கும் மூலம் றப்பர். 1844இல் சார்ல்ஸ் குட்இயர் றப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தார். 1888இல் டன்லொப்பின் காற்றடைத்த டயர் வந்தது. இடையில் 1876இல், பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடைக்குக் கப்பலேறின. உலகத்தின்ர காலைக் காயவைத்த மரம் எங்கட நாட்டிலயும் வளர்ந்தது. எங்கட வீட்டுக்கு அது டயராகவும் செருப்பாகவும் மட்டும்தான் வந்து சேர்ந்தது.

இதைச் சிரிச்சு விட ஏலா. எலிச் சிறுநீர் கலந்த வயல் தண்ணி, காலில் ஒரு கீறல். எலிக்காய்ச்சலுக்கு அது போதும். 2008இல் மட்டும் நாடு முழுக்க ஏழாயிரத்துக்கு மேற்பட்ட சந்தேக நோயாளர்கள் பதிவானார்கள்.

போன மழைக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தன். "உள்ளுக்குத் தண்ணி போனா பெடலை மிதிக்க ஏலா மகன்" என்றார். இப்ப அதுவும் ஹேண்டிலிலதான் தொங்குது.