சேலம்–நாமக்கல் சமவெளியின் தச்சுவேலை: கவலை முதல் லாரி பாடி வரை

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி ஊர்களில் மின்சாரம் வருவதற்கு முன்பு வேளாண்மை மரத்தாலான கருவிகளையே நம்பியிருந்தது. கிணற்று நீரை இறைத்த கவலை, நிலத்தை உழுத கலப்பை, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுசென்ற வண்டி, எண்ணெய் ஆட்டிய செக்கு, துணி நெய்த குழித்தறி ஆகிய எல்லாவற்றையும் செய்தவரும் பழுது பார்த்தவரும் ஊர்த் தச்சரே. மக்கள் வழக்கில் அவர் ஆசாரி. இரும்பு வேலைக்குக் கொல்லர் உடன் இருந்தார். நாமக்கல் பகுதி 1997 ஜனவரி 1 வரை சேலம் மாவட்டத்திலேயே இருந்ததால் இவ்விரண்டின் தச்சு வரலாற்றையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும்.

மழைக்கால வேலை

இந்தச் சமவெளியில் மேலை நாடுகளைப் போல இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று இல்லை. அந்த மாதங்களில், அதாவது புரட்டாசி முதல் கார்த்திகை வரை, இங்கே மழை பெய்கிறது. கிணறு நிறைந்து, காடும் நனைந்துவிட்டால் நீர் இறைக்கும் வேலை ஓய்ந்துவிடும். ஆண்டில் பல மாதம் ஓயாமல் உழைத்த கவலையைக் கழற்றிப் பார்க்க அதுவே நேரம். புரட்டாசியில் ஆயுத பூசை வருகிறது. உளி, இழைப்புளி, வாச்சி, கொட்டாப்புளி, துரப்பணம், முழக்கோல் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து அடுக்கிய மறுநாள் வேலை மீண்டும் தொடங்கும்.

மரத்தின் இயல்பே வேலையின் வரிசையைத் தீர்மானித்தது. மரம் ஈரக்காற்றில் ஊதும், வெயிலில் சுருங்கும். ஐப்பசியில் இறுக்கமாகப் பொருந்திய ஆரக்கால் பங்குனி வெயிலில் ஆடத் தொடங்கும். ஆகவே கூரைக்கடியில் உட்கார்ந்து உறுப்புகளைச் செதுக்கவும் பழுது பார்க்கவும் மழைநாள் ஏற்றது. சக்கரத்தைக் கூட்டிப் பட்டா போடுவதற்கு உலர்ந்த காலமே ஏற்றது. வெட்டிய மரத்தைக் குளத்திலோ குட்டையிலோ பல மாதம் ஊறப் போடும் வழக்கமும் இருந்தது. மரத்திலுள்ள மாவுச்சத்தும் சாறும் நீரில் கரைந்து போவதால் வண்டும் பூச்சியும் எளிதில் பிடிக்காது. தேய்பிறையில்தான் மரம் வெட்ட வேண்டும் என்ற நம்பிக்கையும் உண்டு. நிலவைக் காட்டிலும் குட்டைத் தண்ணீர்தான் மரத்தைக் காத்தது என்பது என் எண்ணம்.

கவலை

கவலை (சில ஊர்களில் கமலை) என்பது மாடு பூட்டி நீர் இறைக்கும் அமைப்பு. கிணற்று வாயில் நடப்பட்ட இரு மரக்கால்களுக்கு இடையே ஓர் உருளை சுழலும். அதன்மேல் ஓடும் வடத்தின் ஒரு முனையில் தோல்பறி தொங்கும், மறுமுனை மாடுகளின் நுகத்தடியில் கட்டியிருக்கும். கிணற்றை ஒட்டி ஒரு சரிவுப் பள்ளம் இருக்கும். கிணறு எவ்வளவு ஆழமோ, ஏறக்குறைய அவ்வளவு நீளமாக அது வெட்டப்பட்டிருக்கும். மாடுகள் சரிவில் இறங்கும்போது பறி மேலே வரும். ஓட்டுபவர் வடத்தின்மேல் உட்கார்ந்து தன் எடையையும் இழுப்புக்குக் கொடுப்பார். பின்பு மாடுகள் பின்னோக்கி நடந்து மேலே ஏற, பறி கிணற்றுக்குள் இறங்கும்.

இதில் நுட்பமான பகுதி பறியின் வால். பறியின் அடியில் நீண்ட தோல்குழாய் ஒன்று தைக்கப்பட்டிருக்கும். அதன் நுனியைப் பிடித்திருக்கும் வால்கயிறு, வாய்க்கால் மட்டத்தில் உள்ள இன்னொரு சிறிய உருளையின்மேல் ஓடும். பறி ஏறி வரும்போது வால் மேல்நோக்கி மடங்கியிருப்பதால் நீர் சிந்தாது. மேலே வந்ததும் வால்கயிறு நுனியை வாய்க்கால் பக்கம் இழுக்க, நீர் தானாகவே கொட்டும். கிணற்று மேட்டில் பறியைக் கவிழ்க்க ஆள் தேவையில்லை, ஒரே ஆள் மாட்டையும் ஓட்டி நீரையும் இறைத்துவிடலாம். இரண்டு கயிற்றின் நீளங்களும் இரண்டு உருளைகளின் இடைவெளியும் பொருந்தாவிட்டால் பாதி நீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். அந்த அளவைப் பிடிப்பதுதான் ஆசாரியின் திறமை.

மேல் உருளை தாங்கும் சுமையும் குறைவானதல்ல. ஒரு பறி நூறு லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். அது நாள் முழுவதும் ஏறி இறங்கும். உருளைக்குக் கருவேலம் போன்ற வைரம் பாய்ந்த மரமே நின்றது. ஆமணக்கு விளையும் பகுதி என்பதால் அச்சுக்கு விடும் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை.

வண்டிச் சக்கரம்

ஆசாரிக்கு மதிப்பைத் தேடித் தந்தது சக்கரம். நடுவில் குடம், அதில் செருகிய பன்னிரண்டு ஆரக்கால்கள், அவற்றின் மறுமுனையில் ஆறு வட்டைகள். ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் வீதம் கணக்குச் சரியாக வரும். வெளியே இரும்புப் பட்டா. மரச்சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறியதாகவே பட்டாவை வளைத்து ஒட்டுவார்கள். வறட்டியும் விறகும் மூட்டி அதைப் பழுக்கக் காய்ச்சினால் விரியும். குறட்டால் தூக்கிச் சக்கரத்தில் மாட்டியதும் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது எல்லா மூட்டுகளும் ஒரே நேரத்தில் இறுகும். ஆணியும் பசையும் செய்ய முடியாத வேலை இது. தண்ணீர் ஊற்றத் தாமதித்தால் வட்டை கருகிவிடும் என்பதால் தச்சரும் கொல்லரும் சேர்ந்தே நிற்க வேண்டும்.

மரமும் கூலியும்

அன்றைய கிராமம் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டது என்று எழுதுவது வழக்கம். தச்சுவேலையைப் பார்த்தால் அது பாதி உண்மைதான். கலப்பைக்கு வேண்டிய வளைந்த கருவேலங்கிளை காட்டு வேலியிலேயே கிடைத்தது. மூங்கிலும் பெருமரமும் கொல்லிமலை, சேர்வராயன் மலை போன்ற இடங்களிலிருந்து வர வேண்டியிருந்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் மலைக்காடுகள் காப்புக்காடுகளாக, மரத்துக்கும் கரிக்கும் அனுமதியும் கட்டணமும் வந்தன. கஞ்சமலைத் தாதுவை உருக்கிய பழைய இரும்புத் தொழிலும் கரியை நம்பியதே. பட்டாவுக்குரிய இரும்பு கடைச்சரக்காகிவிட்டது.

கூலி பெரும்பாலும் தானியம். ஆண்டு முழுவதும் கலப்பையையும் கவலையையும் செம்மையாக வைத்திருப்பதற்கு, அறுவடைக்குப்பின் களத்தில் ஒவ்வொரு பண்ணையமும் வள்ளத்தால் அளந்து கொடுக்கும். புதிய வண்டிக்குத் தனிக்கூலி. இந்த ஏற்பாட்டை இனிமையாக நினைவுகூர்பவர்கள் பெரும்பாலும் அளந்து கொடுத்த பக்கத்தார். மழை பொய்த்த ஆண்டில் ஆசாரி எவ்வளவு உழைத்திருந்தாலும் வள்ளம் நிறையாது.

மாற்றம்

முதல் அசைவு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரிந்தது. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பணியாற்றிய ஆல்ஃபிரட் சாட்டர்டன் கவலையின் திறனை அளந்து பார்த்தவர், எண்ணெய் இன்ஜின் பம்புகளைப் பரப்ப முயன்றவர். சேலத்தில் நெசவு நிலையம் ஒன்று அமைந்ததும் அவர் முயற்சியால்தான். நாடா ஓடும் தறி பரவியபோது தச்சருக்கு அது புதிய வேலையானது. 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமத்தால் இராட்டைக்கும் தேவை பிறந்தது.

பெரிய மாற்றம் மேட்டூரிலிருந்து வந்தது. அணை 1934-இல் முடிந்தது, 1937-இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. ஆனால் அணைக்கு அருகிலிருந்த ஊர்களின் கிணறுகளுக்கே கம்பி வர நெடுங்காலம் ஆனது. 1957-இல் மின்வாரியம் அமைந்தபின் பம்புசெட் இணைப்புகள் வேகமாகப் பெருகின. மோட்டார் வந்த கிணற்றில் கவலைக்கு வேலையில்லை. கிணறுகள் ஆழமாகி நீர்மட்டம் இறங்கியபின் கவலையால் எட்டவும் முடியாது. டயர் வண்டி வந்ததால் குடமும் வட்டையும் தேவையற்றுப் போயின. உழவர் ஒரு கருவியைக் கைவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டார். ஆசாரியோ ஆண்டுக்கூலியை, களத்தில் நிற்கும் உரிமையோடு சேர்த்து இழந்தார்.

கைவேலை மட்டும் நின்றுவிடவில்லை. தம்மம்பட்டியில் வாகை மரத்தில் சிற்பம் செதுக்கும் தொழில் வளர்ந்தது. நாமக்கல்லில் நடந்தது வேறு. அக்காலத்தில் லாரி, இன்ஜினும் சக்கரமும் உள்ள வெறும் சேஸாகவே ஆலையிலிருந்து வரும். ஓட்டுநர் அறையும் சுமைப்பெட்டியும் இங்கே மரத்தால் கட்டப்பட வேண்டும். வண்டி செய்த கைகளுக்கு அது தெரியாத வேலையல்ல. சட்டம், குறுக்குக்கட்டை, பலகை, கொல்லர் அடித்த இரும்புப் பூண் எல்லாம் பழையவையே. பாடி கட்டும் பட்டறைகள் பெருகி, பிற மாநில லாரிகளும் நாமக்கல்லுக்கு வந்து நின்றன. அங்கே கூலி வாரச் சம்பளம், அல்லது வேலைக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தம். பின்பு இரும்புத் தகடும் வெல்டிங்கும் மரத்தின் இடத்தைப் படிப்படியாக எடுத்துக்கொண்டன. இப்போது ஆலைகளே முழு அறையுடன் லாரியை அனுப்பத் தொடங்கிவிட்டதால் பட்டறைகளுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது பின்புறச் சுமைப்பெட்டிதான்.